11 ஜிபி வீடியோ, 4.7 ஜிபி வட்டு: சுருக்கி எழுதும் வழி

பெரியப்பாவுக்கு ஒரு வீடியோ கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆடிய பள்ளி ஆண்டு விழா, 2 மணி 10 நிமிடம், ஒரே கோப்பாக 11 ஜிபி. "லிங்க் எல்லாம் எனக்கு வேண்டாம்ப்பா, பிளேயர்ல போட்டா ஓடற மாதிரி ஒரு டிவிடி குடு, போதும்" என்றார். கைக்குக் கிடைத்த மென்பொருளில் கோப்பைப் போட்டு, அதில் 'சிறியது' என்று இருந்ததை அமுக்கி, 3 ஜிபி எம்பி4 கோப்பாக்கி, வட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் கணினியில் அருமையாக ஓடியது. அவர் பிளேயரோ வட்டைக் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, படிக்க முடியவில்லை என்று வெளியே தள்ளிவிட்டது.

கோப்பைச் சுருக்கியதில் தப்பில்லை. எதில் ஓடப் போகிறது என்று முதலில் விசாரிக்காததுதான் தப்பு. புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்களில் பாதிப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். அதனால் மென்பொருளுக்குப் போகும் முன் பிளேயரிலிருந்து தொடங்குவோம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவதெல்லாம் நாமே எடுத்த வீடியோவைப் பற்றி. விலைக்கு வரும் படவட்டுகளில் பெரும்பாலும் பூட்டு இருக்கும். அதை உடைப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். அந்தப் பக்கம் நாம் போகவில்லை.

எதில் ஓடப் போகிறது?

ஒரு டிவிடி வட்டில் வீடியோவை இரண்டு விதமாக வைக்கலாம். முதலாவது டேட்டா வட்டு. பென் டிரைவில் கோப்பை நகலெடுப்பது போலத்தான்: எம்பி4 கோப்பு அப்படியே வட்டில் உட்கார்ந்திருக்கும். கணினியில் கவலையில்லாமல் ஓடும். புளூரே பிளேயர்களிலும் பெரும்பாலும் ஓடும்.

இரண்டாவது டிவிடி வீடியோ. இது 1990களில் வகுத்த வடிவம், விதிகள் கறாரானவை. படம் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். அளவு 720×576 என்றால் நொடிக்கு 25 ஃபிரேம் (ஃபிரேம் என்பது ஒரு நிலைப்படம்), அது 'பால்' எனப்படும் டிவி முறை. 720×480 என்றால் 29.97 ஃபிரேம், அது 'என்டிஎஸ்சி' எனப்படும் இன்னொரு டிவி முறை. ஒலி ஏசி3 அல்லது பிசிஎம் போன்ற ஒரு சில வகைகளில்தான் இருக்கலாம். எல்லாம் 'வீடியோ_டிஎஸ்' என்ற ஃபோல்டருக்குள், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மிகாத துண்டுகளாக இருக்கும். ஃபோனும் கேமராவும் எச்.264, எச்.265 என்ற புதிய முறைகளில் சுருக்கித் தருகிற படமும் ஏஏசி வகை ஒலியும் இந்த விதிக்குள் வராது. எம்பி4 கோப்பின் பெயரை மாற்றி அந்த ஃபோல்டரில் வைத்தாலும் பிளேயர் ஏமாறாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

கணினியில் பார்ப்பார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் டேட்டா வட்டு. டிவியோடு இணைத்த பழைய பிளேயர் என்றாலோ, எதில் போடுவார்கள் என்றே தெரியாது என்றாலோ, யோசிக்காமல் டிவிடி வீடியோ. இதில் ஒரு இழப்பு உண்டு: 1080 வரிகளில் எடுத்த தெளிவான படம் 576 வரிகளுக்கு இறங்கிவிடும். பெரிய டிவியில் வித்தியாசம் தெரியும். ஆனால் ஓடாத தெளிவான படத்தை விட ஓடுகிற சுமாரான படம் மேல்.

4.7 என்று போட்டிருக்கிறதே, ஏன் கொள்ளவில்லை?

கணினி 4.5 ஜிபி என்று காட்டும் கோப்பு, 4.7 ஜிபி என்று அச்சிட்ட வட்டில் கொள்ளாது. வட்டு செய்பவர்கள் 100 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார்கள். விண்டோஸ் 107 கோடியே 37 லட்சம் சொச்சம் பைட்டை ஒரு ஜிபி என்கிறது. வட்டில் இருப்பது 470 கோடி பைட். விண்டோஸ் கணக்கில் அது 4.37 ஜிபிதான். இரட்டை அடுக்கு வட்டில் போட்டிருக்கும் 8.5 ஜிபியும் இப்படித்தான் 7.96 ஆகிறது.

சரி, 470 கோடி பைட்டையும் நிரப்பிவிடலாமா? நான் கொடுத்த இரண்டாவது வட்டில் அதைத்தான் செய்தேன். விளிம்பு வரை நிரப்பினேன். விழா முழுக்க ஓடியது, பரிசளிப்பு வந்ததும் படம் உறைந்து நின்றது. வட்டில் எழுத்து நடுவிலிருந்து தொடங்கி வெளி விளிம்பை நோக்கிப் போகும். கைரேகை படுவது, லேசாக வளைவது, பூச்சு சீராக இல்லாமல் போவது எல்லாம் அதிகம் விளிம்பில்தான். பழைய பிளேயர்கள் தடுமாறும் இடமும் அதுவே. கோப்பு அளவிலும் ஒரு வரம்பு இருக்கிறது: டேட்டா வட்டில் கோப்புகளை அடுக்கும் பழைய முறையான ஐஎஸ்ஓ 9660-ல் எழுதினால் ஒரு தனிக் கோப்பு 429 கோடி பைட்டைத் தாண்டக் கூடாது. யுடிஎஃப் என்ற இன்னொரு முறையில் அந்தத் தடை இல்லை, ஆனால் எல்லாப் பிளேயர்களும் அதைப் படிப்பதில்லை.

இரண்டுக்கும் சேர்த்து நான் வைத்துக்கொண்ட அளவு 420 கோடி பைட். அதற்கு மேல் ஆசைப்படுவதில்லை.

ஒரு வகுத்தல் கணக்கு

வீடியோ கோப்பின் அளவைத் தீர்மானிப்பது பிட்ரேட், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை கிலோபிட் செலவாகிறது என்பது. பிட்ரேட்டை நேரத்தால் பெருக்கினால் கோப்பின் அளவு. நமக்கு அளவும் தெரியும், நேரமும் தெரியும். திருப்பி வகுத்தால் பிட்ரேட் கிடைத்துவிடும். ஒரு பைட் என்பது 8 பிட், ஆயிரம் பிட் ஒரு கிலோபிட்; 420 கோடி பைட்டை அப்படிக் கிலோபிட்டாக்கி, 60 நொடியால் வகுத்தால் 5,60,000. இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 5,60,000-ஐ உங்கள் வீடியோ ஓடும் நிமிடங்களால் வகுத்தால், படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்துச் செலவழிக்கக்கூடிய பிட்ரேட் வந்துவிடும்.

நம் விழா 130 நிமிடம். 5,60,000 ÷ 130 = 4,307. ஒலிக்கு 192 ஒதுக்கினால் படத்துக்கு 4,115 மிஞ்சுகிறது. 90 நிமிட வீடியோவுக்கு 6,222 வரும். மூன்று மணி நேரத்துக்கு 3,111தான்.

ரெசல்யூஷனை, அதாவது படத்தின் வரி எண்ணிக்கையை, குறைத்தால் கோப்பு சிறியதாகும் என்று பலர் நினைக்கிறார்கள். பிட்ரேட்டை நாமே கட்டிப்போட்ட பிறகு, ரெசல்யூஷனால் கோப்பின் அளவு மாறாது, தெளிவுதான் மாறும். ஒரு டப்பா பெயின்ட் இருக்கிறது. அதைப் பெரிய சுவரில் அடித்தால் திட்டுத் திட்டாகத் தெரியும், சின்னச் சுவரில் அடித்தால் நிறைவாக இருக்கும். 4,000 கிலோபிட்டில் எச்.264 முறையில் 720 வரிப் படம் நன்றாகவே வரும். அதே பிட்ரேட்டில் 4கே என்றால் திட்டுத்தான்.

எம்பெக்-2 பழைய முறை, பிட்டுகளைத் தாராளமாகத் தின்னும். என் கண்ணுக்கு, டிவிடி வீடியோவில் 6,000-க்கு மேல் இருந்தால் குறை சொல்ல முடியாது. 4,000-லிருந்து 5,000 வரை நன்று. 3,000-க்குக் கீழே போனால் ஆட்டம், ஓட்டம் வரும் இடங்களில் சதுரம் சதுரமாக உடையும். மேல் வரம்பும் உண்டு. டிவிடி வீடியோவில் படத்துக்கு 9,800-ஐத் தாண்ட அனுமதி இல்லை. வீட்டில் எழுதும் வட்டுகளில் நான் 8,000-த்தோடு நிறுத்திக்கொள்வேன். ஒரு மணி நேர வீடியோவுக்குக் கணக்கு 9,333 என்று சொன்னாலும் 8,000தான்.

கணக்கு 3,000-க்குக் கீழே வந்தால் பிழியாதீர்கள். இரண்டு வட்டாகப் பிரியுங்கள், இல்லை இரட்டை அடுக்கு வட்டு வாங்குங்கள். புளூரே எழுதும் டிரைவும் அதைப் படிக்கும் பிளேயரும் இருந்தால் கதையே வேறு: 25 ஜிபி வட்டில் இந்த 11 ஜிபி கோப்பை எந்தச் சுருக்கமும் இல்லாமல் அப்படியே வைத்துவிடலாம்.

சுருக்கும் முன் வெட்டுங்கள்

மூன்றாவது முயற்சியில்தான் வீடியோவை முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். தொடக்கத்தில் நாற்காலி நகர்த்துவது, நடுவில் 'ஹலோ, மைக் டெஸ்டிங்', ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இடையே மூடிய திரை. எல்லாம் சேர்த்து 18 நிமிடம் தேறியது. அதை வெட்டியதும் 112 நிமிடம். 5,60,000 ÷ 112 = 5,000. ஒரு பைசா செலவில்லாமல் பிட்ரேட் 4,307-லிருந்து 5,000-க்கு ஏறிவிட்டது. எந்த மென்பொருள் மாயத்தையும் விட இது பெரிய லாபம்.

வெட்டுவதற்கு லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் வசதியானது. வீடியோவை மறுபடி சுருக்காமல், இருக்கிற பிட்டுகளையே நகலெடுத்துத் துண்டாக்கும். அதனால் தரம் துளியும் இறங்காது, வேலையும் ஓரிரு நிமிடத்தில் முடியும். ஒரு குறை: முழுப் படமாகச் சேமிக்கப்பட்டிருக்கும் கீஃபிரேம்களில்தான் அதனால் சுத்தமாக வெட்ட முடியும். நீங்கள் குறித்த இடத்துக்கு ஓரிரு நொடி முன்னே பின்னே வெட்டு விழும். பேச்சின் நடுவில் குறிக்காமல், அமைதியான இடத்தில் குறியுங்கள்.

டேட்டா வட்டு என்றால் ஹேண்ட்பிரேக்

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் இதற்குப் போதும். கோப்பை இழுத்து அதன்மேல் போடுங்கள். முன்னமைவுகளில் 720 வரி உள்ளதைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து நான்கைந்து இடங்களை மட்டும் மாற்றினால் போதும்.

படத்துக்கான பகுதியில் எச்.264 என்கோடரைத் தேர்ந்தெடுங்கள். எச்.265 இன்னும் கொஞ்சம் சுருக்கும், ஆனால் பழைய பிளேயர்கள் அதைத் தொடாது. அதே பகுதியில் 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி' என்று முதலிலேயே குறியிட்டிருக்கும். தரத்தைக் கட்டிவைத்து அளவை அதன் போக்கில் விடும் முறை அது. கணினியில் சேமித்து வைக்க நல்லது, வட்டுக்கு ஆகாது. கோப்பு 3 ஜிபியும் ஆகலாம், 6 ஜிபியும் ஆகலாம். நீங்கள் 'ஆவரேஜ் பிட்ரேட்' என்பதற்கு மாறி, கணக்கில் வந்த எண்ணைப் போடுங்கள். நமக்கு 5,000-லிருந்து ஒலி போக 4,800.

அதன் பக்கத்தில் இருக்கும் 'மல்டி பாஸ்' என்பதையும் குறியிட்டுவிடுங்கள். நேரம் கூடும், ஆனாலும் இதை விடக்கூடாது. முதல் ஓட்டத்தில் மென்பொருள் வீடியோவை அளந்து பார்க்கிறது. அடுத்த ஓட்டத்தில் பிட்டுகளைப் பங்கிட்டுத் தருகிறது. வரவேற்புரையில் ஒருவர் மைக் முன்னால் அசையாமல் நிற்கிறார், பின்னால் ஒரே திரை. அங்கே கொஞ்சம் கொடுத்தாலே போதும். அங்கே மிச்சம் பிடித்ததை, முப்பது பிள்ளைகள் வண்ண விளக்கில் சுழன்று ஆடும் இடத்தில் அள்ளிக் கொடுக்கும். சராசரி மட்டும் 4,800-ல் நிற்கும்.

ஃபிரேம் ரேட்டில் 'கான்ஸ்டன்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். ஃபோனில் எடுத்த வீடியோவில் நொடிக்கு நொடி ஃபிரேம் எண்ணிக்கை லேசாக மாறிக்கொண்டே இருக்கும். அதைச் சீராக்காவிட்டால் முதல் பத்து நிமிடம் சரியாக இருக்கும், ஒரு மணி நேரம் கழித்து வாய் ஒரு பக்கம் பேச, சத்தம் ஒரு பக்கம் வரும்.

முழுசாக ஓட விடும் முன் ஒரு நிமிடத் துண்டைச் சோதியுங்கள். எந்தப் பகுதி என்று நொடிக் கணக்கில் குறிக்க மேலேயே வசதி இருக்கிறது. சுலபமான இடத்தை எடுக்காதீர்கள், இருப்பதிலேயே கடினமானதை எடுங்கள். நான் பார்ப்பது இரண்டு இடம்: மேடையின் பின்னால் இருக்கும் கறுப்புத் திரை, விளக்கு நிறம் மாறும் கணத்தில் முகங்கள். பிட் பற்றாவிட்டால் கறுப்பில் கட்டங்கள் மினுங்கும், முகம் ஒரு கணம் மெழுகு மாதிரி ஆகும். சோதனைத் துண்டு லேசாகச் சுமாராக இருந்தால் பயப்பட வேண்டாம். முழு ஓட்டத்தில் அது வரவேற்புரையிடம் கடன் வாங்கிக்கொள்ளும். ரொம்ப மோசம் என்றால் ரெசல்யூஷனைக் குறையுங்கள், அல்லது இரண்டு வட்டாக்குங்கள்.

பிறகு தொடங்கிவிட்டுத் தூங்கப் போகலாம். மடிக்கணினியை மின்சாரத்தில் செருகி, தானாக உறங்கும் அமைப்பை அணைத்துவிட்டுப் போங்கள். கிராஃபிக்ஸ் கார்டின் வன்பொருள் என்கோடர் வேகமாக முடிக்கும். ஆனால் ஒரே பிட்ரேட்டில் தரம் பெரும்பாலும் ஒரு மாற்றுக் குறைவு. அவசரம் இல்லாதபோது எனக்கு அது வேண்டாம்.

டிவிடி வீடியோ என்றால் டிவிடிஸ்டைலர்

ஹேண்ட்பிரேக்கால் டிவிடி வீடியோ வட்டை உருவாக்க முடியாது. அதனால் முதலில் அதில் சுருக்கி, அப்புறம் இதில் மாற்றுவோம் என்று இரட்டை வேலை செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் தரம் ஒரு படி இறங்கும், இறங்கியது திரும்ப வராது. வெட்டிய மூலக் கோப்பையே நேராக டிவிடிஸ்டைலரில் கொடுங்கள். இதுவும் இலவசம்தான்.

புதிய திட்டம் தொடங்கும்போது சில கேள்விகள் கேட்கும். வட்டின் அளவு 4.7 ஜிபி. பாலா, என்டிஎஸ்சியா? மூல வீடியோ நொடிக்கு 25 அல்லது 50 ஃபிரேம் என்றால் பால், 30 அல்லது 60 என்றால் என்டிஎஸ்சி. மாற்றிப் போட்டால் அசைவு விட்டு விட்டுத் துள்ளும். இன்றைய டிவிக்கள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும். விகிதம் 16:9 என்று கொடுங்கள். 4:3 என்று விட்டுவிட்டால் ஆட்கள் ஒட்டடைக் குச்சி மாதிரி நீண்டுவிடும் அபாயம் உண்டு. ஒலிக்கு ஏசி3, 192. பிசிஎம் ஒலி மட்டும் வேண்டாம், அது ஒன்றே 1,536 கிலோபிட்டை விழுங்கிவிடும்.

படத்தின் பிட்ரேட்டை மென்பொருளே கணக்கிடட்டும் என்று 'ஆட்டோ'வில் விட்டால், அது வட்டை முழுதாக நிரப்பப் பார்க்கும். நம் எண்ணையே கையால் கொடுப்பது நல்லது. மெனு வேண்டுமா என்பது உங்கள் ஆசை. என்னைக் கேட்டால், போட்டதும் ஓடுகிற வட்டுதான் பெரியவர்களுக்குச் சௌகரியம். ஆனால் அத்தியாயப் புள்ளிகளை விடாதீர்கள். ஒவ்வொரு ஆட்டத்தின் தொடக்கத்திலும் ஒன்று வைத்தால், ரிமோட்டில் 'அடுத்து' அமுக்கித் தாவலாம். பெரியப்பாவுக்குப் பேத்தி ஆடியது ஏழாவது.

தமிழில் தலைப்போ, வசனமோ சேர்ப்பவர்கள் கவனிக்க: டிவிடி வீடியோவில் வசனம் படமாகவே சேமிக்கப்படுவதால் எந்தப் பிளேயரிலும் எழுத்து உடையாது. டேட்டா வட்டில் தனி வசனக் கோப்பாகக் கொடுத்தால்தான், தமிழ் எழுத்துரு இல்லாத பிளேயரில் வெறும் கட்டங்களாகத் தெரியும். அங்கே வசனத்தைப் படத்தின் மேலேயே பதித்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக்கில் 'பர்ன் இன்' என்று இருக்கும். கோப்பின் பெயரும் ஆங்கில எழுத்தில், சுருக்கமாக இருந்தால் நல்லது. எழுத்துகளைத் திரையின் விளிம்புக்குக் கொண்டுபோகாதீர்கள், பழைய டிவிக்கள் ஓரத்தை வெட்டிவிடும்.

கடைசியில் நேராக வட்டில் எழுதச் சொல்லாமல், ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது முழு வட்டின் நகலை ஒரே கோப்பாக, மட்டும் உருவாக்கச் சொல்லுங்கள். அந்தக் கோப்பை விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் திறந்தால் வட்டு போட்டது போலவே ஓடும். தொடக்கம், நடு, கடைசி ஐந்து நிமிடம் பாருங்கள். தப்பு இருந்தால் ஒரு வட்டு மிச்சம்.

எழுதுதல்

ஐஎஸ்ஓ கோப்பை வட்டில் இழுத்துப் போட்டு எழுதிவிட்டு, ஓடவில்லை என்பவர்கள் ஏராளம். அப்படிச் செய்தால் வட்டில் ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்புதான் இருக்கும். பிளேயருக்கு அது ஒன்றுமே இல்லை. விண்டோஸில் அந்தக் கோப்பை வலச்சொடுக்கினால் வட்டுப் படிமமாக எழுதும் வழி தனியாக இருக்கும். வட்டு எழுதும் மென்பொருள்களான இம்க்பர்ன், லினக்ஸில் கே3பி, பிரசெரோ எல்லாவற்றிலும் இது உண்டு.

16 மடங்கு வேகம் என்று போட்டிருக்கும் வட்டை நான் 8-ல் எழுதுவேன். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், பாதி நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரு வட்டைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. எழுதிய பின் சரிபார்க்கும் 'வெரிஃபை' குறியைப் போடுங்கள். 'ஃபைனலைஸ்' ஆகாத, அதாவது எழுதி மூடி முடிக்காத வட்டை மற்றப் பிளேயர்கள் படிக்காது, அதையும் பாருங்கள். பழைய பிளேயருக்கு டிவிடி மைனஸ் ஆர் வகை வட்டு பாதுகாப்பானது. அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வட்டு ஒளியைக் குறைவாகப் பிரதிபலிக்கும், அதனால் சில பிளேயர்கள் அதைத் திருப்பி அனுப்பும். என் கணினியில் சோதனைக்கு மட்டும் அதைப் பயன்படுத்துவேன்.

மேலே தாள் ஒட்டாதீர்கள். பசை காய்ந்து ஒரு ஓரம் கிளம்பினால் வட்டு சுற்றும்போது ஆடும், டிரைவுக்குள் மாட்டிக்கொள்ளவும் செய்யும். மென்முனை மார்க்கரால் எழுதினால் போதும். டிவிடியில் பதிவு அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் அது தாங்கும். சிடியில் அந்த அடுக்கு மேல் பூச்சுக்குக் கீழேயே இருக்கிறது, அங்கே பால்பாயின்ட் பேனா பட்டாலே கீறிவிடும். என்ன நிகழ்ச்சி, எந்தத் தேதி, பாலா என்டிஎஸ்சியா என்று மூன்றையும் எழுதுங்கள். 11 ஜிபி மூலக் கோப்பை ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே வைத்திருங்கள். பெரியப்பா ஏழாவது அத்தியாயத்தையே திரும்பத் திரும்பப் போட்டு, நாலு மாதத்தில் இன்னொரு வட்டு கேட்டார். ஐஎஸ்ஓ கைவசம் இருந்ததால் பத்து நிமிட வேலை.